கஞ்சி ஆறும் நேரம்

அனுப்புநர்:
அ. சிலுவையம்மாள்,
மீன் வியாபாரம்,
முகத்துவாரக்குப்பம், எண்ணூர்.

பெறுநர்:
உயர்திரு இக்னேஷியஸ் அவர்கள்,
உதவி ஆய்வாளர், கடலோரக் காவல் நிலையம்.

நாள்: 11.8.2025

பொருள்: கரைப் பாதையில் போட்ட இரும்புத் தடுப்பை எடுக்கக் கோருவதும், சொந்த அக்காளின் கூடையைக் கிளறியதும் குறித்து.

ஐயா,

நான் மேற்படி குப்பத்தில் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்து, மீன் விற்றுப் பிழைத்து வருகிறேன். தங்களுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். ராயபுரம் வீட்டிலிருந்து தாங்கள் போலீஸ் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், அங்கே வந்திருந்து காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான்தான். காலர் லேசாகக் கருகிவிட்டது என்று அன்றைக்கு என்னிடம் சண்டை போட்டீர்கள்.

மூன்று வாரமாகக் கரைப் பாதையில் தங்கள் ஸ்டேஷன் தடுப்பு போட்டிருக்கிறது. மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கியோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். கடலுக்குப் போகிறவன், வருகிறவன், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடுகிறவள் எல்லாரும் அடையாள அட்டை காட்டவேண்டும். பை இருந்தால் பிரித்துக் காட்டவேண்டும். ஆறரை மணிக்கு நான் கூடையோடு கிளம்பினால்தான் எர்ணாவூர் மார்க்கெட்டில் உட்கார இடம் கிடைக்கும். இப்போது ஏழரை ஆகிவிடுகிறது. கண் வெளுத்துப்போன மடவை மீனை யார் வாங்குவார்கள்?

இது எல்லாருக்கும் உள்ள கஷ்டம். எனக்கென்று ஒன்று தனியாக இருக்கிறது. போன சனிக்கிழமை தடுப்பில் தாங்களே நின்றீர்கள். என் முறை வந்தபோது முகத்தைக்கூடப் பார்க்காமல் "கார்டு எங்க?" என்றீர்கள். "வூட்ல கீதுப்பா" என்றேன். "கூடையத் தெறந்து காட்டு" என்றீர்கள். பக்கத்தில் நின்ற ஏட்டு லத்தியை விட்டு மீனைக் கிளறினார். எனக்குப் பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நான் மார்க்கெட்டுக்கே போகவில்லை. திரும்பி வந்து மீனை எல்லாம் கருவாட்டுக்கு உப்பு போட்டுவிட்டேன்.

கரை ஒதுங்கின இரண்டு பேருக்குக் கஞ்சி ஊற்றியது குற்றம் என்றால் கேஸ் போடவும். அவர்கள் போலீஸ்காரர்கள் என்றும், தீவிரவாதி வேஷம் போட்டு வந்தவர்கள் என்றும் அவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

ஆகவே தடுப்பை எடுக்க வேண்டுகிறேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்பக் காரணம், போன் செய்தால் வைத்துவிடுகிறீர்கள். கையெழுத்து போட்டு வாங்கின காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

இப்படிக்கு,
அ. சிலுவையம்மாள்

குறிப்பு: கடிதம் எழுதினால் தலையில் ஒரு சிலுவை போடு என்பது அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். இது மனு என்பதால் போடவில்லை.

ராயபுரம்
16.8.2025

அக்கா,

மனு கிடைத்தது. ஸ்டேஷன் ரைட்டர் பிரித்து நாலு பேர் கேட்கப் படித்துவிட்டார். காலர் கருகின கதை இப்போது எல்லாருக்கும் தெரியும்.

கஞ்சி ஊற்றினேன், அவ்வளவுதான் என்று சின்னதாகச் சொல்லிவிட்டுப் போகிறாய். நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், கேள்.

வருடத்துக்கு இரண்டு தடவை இந்தப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். வேறு ஊர்ப் போலீஸ்காரர்கள் தீவிரவாதி மாதிரி படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து மடக்குவது எங்கள் வேலை. எந்த நாள், எந்தக் கரை என்று எங்களுக்கே சொல்ல மாட்டார்கள். ஏப்ரலில் காஷ்மீரில் சுற்றுலா வந்தவர்களைச் சுட்டுக் கொன்ற பிறகு, இந்தத் தடவை மேலிடம் ரொம்ப உன்னிப்பாக இருந்தது.

ஜூலை 17ஆம் தேதி ராமசுப்பு, ஜோபின் என்ற இரண்டு காவலர்கள் முகத்துவாரத்தில் இறங்கினார்கள். ராமசுப்பு கோவில்பட்டிக்காரன். படகில் ஏறியதே அன்றைக்குத்தானாம். வாந்தி எடுத்து எடுத்துக் கரையில் வந்து விழுந்திருக்கிறான். நீ கஞ்சி கொடுத்தாய். மாமா தன் லுங்கியைக் கொடுத்தார். "எங்ககிட்ட கார்டு இல்ல, போலீஸ் பார்த்தா மாட்டிக்குவோம்" என்று அவர்கள் சொன்னதும், குப்பமே சேர்ந்து அவர்களை வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார வைத்தது. எங்கள் ஜீப் வந்து புது ஆள் யாராவது வந்தார்களா என்று விசாரித்தபோது, "ஒர்த்தரும் வர்ல சார்" என்று சொன்னது யார்? உன் வீட்டுக்காரர் அலெக்ஸாண்டர். அதோடு விட்டாரா? பஸ்ஸைப் பிடிக்கணும் என்று அவர்கள் சொன்னதும், கையில் இருந்த பெட்டியோடு இருவரையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், பஸ் நிற்கிற ரசாயனக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டார். ஒத்திகையில் அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடமே அதுதான். அந்தப் பெட்டியின் மேல் தாள் ஒட்டி 'வெடிகுண்டு' என்று எழுதியிருந்தது. மேலே துணி சுற்றியிருந்ததால் மாமாவுக்குத் தெரியவில்லை. நீ பாசமாகக் கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடும் அதே துணிக்குள்தான் இருந்தது.

எங்கள் ஸ்டேஷன் தோற்றது. எனக்கு மெமோ. அடுத்த ஒத்திகையிலும் தோற்றால் என்னைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடுவார்கள். அது போகட்டும். உங்கள் கரையில் நிரந்தரமாகக் கம்பி வேலியும் கேட்டும் வரும். பிளான் தயாராக இருக்கிறது, நானே பார்த்தேன்.

தடுப்பு உங்களைப் பிடிப்பதற்காக இல்லை. உங்கள் பாதுகாப்புக்குத்தான். கார்டு கேட்பது என் கடமை. உன்னை மட்டும் கேட்காமல் விட்டால், பின்னால் நின்ற அந்த இருபது பேரும் என்னைக் கேட்டிருப்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இக்னேஷியஸ்

முகத்துவாரக்குப்பம்
22.8.2025

தம்பி,

கோபப்பட ஒன்றுமில்லை என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். கோபம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் அவர்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்களாமே. கேட்டேன். "துன்னியா நைனா?" என்று கேட்டேன். அந்த ராமசுப்பு பேச்சு வராமல் தண்ணீருக்குக் கை நீட்டினான். முதலில் தண்ணீர், அப்புறம் கஞ்சி. கடல் கொண்டுவந்து போட்ட ஆள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பேர், ஊர் கேட்பதில்லை. இந்தக் குப்பத்தில் கல்யாணமாகி வந்த நாளாக நான் பார்த்த வழக்கம் இதுதான். உன் மாமா இஞ்சின் நின்று நாலு நாள் மிதந்து நெல்லூர்ப் பக்கம் ஒதுங்கியது உனக்கு மறந்துபோச்சா? பாஷை தெரியாத ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, ராகிக் களி கரைத்து ஊட்டினாள். சாப்பிட்ட பிறகுதான் பேரைக் கேட்டாள். அந்தம்மா முதலில் கார்டைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் என் சில்வியாவுக்கு இன்றைக்கு அப்பா இல்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், தடுப்பு போட்ட முதல் இரண்டு நாள் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. காஷ்மீர்ச் செய்தியை டி.வி.யில் பார்த்துவிட்டு நானும் தூக்கம் வராமல் கிடந்தவள்தான். போலீஸ் நிற்கிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சில்வியா காலேஜ் விட்டு வந்து கேட்டாள்: "யம்மா, நம்ம ஊர்ல இன்னாவோ நடக்கப்போவுதா? இல்லாங்காட்டி இன்னாத்துக்குத் துப்பாக்கி?" அதிலிருந்து பட்டாசு வெடித்தாலும் திடுக்கென்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளை வியாசர்பாடியில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். உன் துப்பாக்கியைப் பார்க்கும்போதெல்லாம் வராத ஆள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆற்றில் எண்ணெய் மிதந்தபோதும், வாயு கசிந்து நாங்கள் கண் எரிய எரிய ஓடினபோதும் இந்தத் தடுப்பும் மணல் மூட்டையும் எங்கே இருந்தன? தடுப்பால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் டீக்கடை சுப்புராயன். உன் ஆட்கள் ஒரு நாளைக்குப் பதினாறு டீ குடிக்கிறார்கள்.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை அந்த ராமசுப்பு இங்கே வந்தான். மாமாவின் லுங்கியைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இருந்தது. எனக்கு யாரென்றே தெரியாதவன் வந்தான். நீ வரவில்லை.

ஒத்திகைக்கு அப்புறம் நீங்கள் போட்ட கூட்டத்தைப் பற்றி அவன்தான் சொன்னான். பெரிய அதிகாரி ரிப்போர்ட்டைப் படித்து, கஞ்சி ஊற்றின அந்தப் பொம்பளை யார், யாருக்காவது தெரியுமா என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாயாம். நான் உன் அக்கா என்பது அந்தப் பையனுக்கு அப்போது தெரியாது. தற்செயலாகச் சொல்லிவிட்டு, சுவரில் நம் வீட்டுப் போட்டோவில் உன்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போச்சு.

ராயப்பர் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கினவன் நீ. கூடவே இருந்த இயேசுவைத் தெரியாது என்று சொல்கிற புத்தி அந்த ராயப்பருக்கும் வந்ததுதான். ஆனால் அவர் அப்புறம் அழுதார்.

குப்பத்தில் கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். இனிமேல் கடலில், கரையில் எதைப் பார்த்தாலும் போலீஸுக்குச் சொல்வதில்லை. நான் கை தூக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்கா

ராயபுரம்
31.8.2025

அன்புள்ள அக்கா,

அழுதேன். ஜானட் பார்த்தாள். என்னவென்று கேட்டாள், உன் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அவள் படித்துவிட்டு மேலே வந்து, "உங்களக் கட்டிக்கினு பதினாலு வர்சம் ஆவுது, உங்க அக்கா ஒரு நாள் என்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்டதில்ல" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ராமசுப்பு சொன்னது உண்மை. மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சிரித்தபோது நானும் கொஞ்சம் சிரித்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் நான் சொல்லிவிட வேண்டும். தடுப்பில் உன் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் கோபம் இல்லை, இந்த வெட்கம்தான்.

குப்பத்து முடிவைப் படித்ததும் எனக்கு உள்ளே ஏதோ அறுந்த மாதிரி ஆகிவிட்டது. மெமோவுக்கு இவ்வளவு பயப்படவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மும்பையில் 2008இல் அந்தப் பத்துத் தீவிரவாதிகள் வந்து இறங்கியது ஒரு மீனவக் குப்பத்தில்தான். கரையில் இருந்தவர்கள் யார் நீங்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உன் வேலையைப் பார் என்ற மாதிரி பதில் வந்திருக்கிறது. நான் போலீஸில் சேர்ந்ததே அடுத்த வருடம். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் படகையும் துப்பாக்கியையும் எழுதிக்கொண்டார்கள். நான் அந்தக் கரையில் நின்றவர்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பார்த்தார்கள், கேட்கவும் செய்தார்கள். உடனே கூப்பிட்டுச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் என்று.

உனக்கு நான் அந்த ஆளாக இருந்தேன். தெரியாத படகு வந்தாலும் கூப்பிடுவாய், ஆமை செத்து ஒதுங்கினாலும் கூப்பிடுவாய். உன்னைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து போன் வரும், சலித்துக்கொள்வேன். இந்த ஆறு வாரமாக, நான் பேசாமல் வைத்துவிட்ட உன் அழைப்புகளைத் தவிர, குப்பத்திலிருந்து ஒரு போனும் இல்லை. தடுப்பில் இதுவரை நாங்கள் பிடித்தது இரண்டு குவார்ட்டர் பாட்டில். கையில் துப்பாக்கி இருக்கிறது, கண்தான் இல்லை. கரையில் நிற்கிற எனக்கே இப்போது பயமாக இருக்கிறது.

அடுத்த ஒத்திகை வரத்தான் போகிறது. எப்போது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் உன்னிடம் சொல்லக் கூடாது. வேலி வந்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். என்ன செய்வது என்று நீ சொல்.

மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன். எழுத்தில் போட்டால் மெமோவுக்குப் பதில் எழுதுகிற மாதிரி இருக்கிறது. நேரில் சொல்கிறேன்.

தம்பி

முகத்துவாரக்குப்பம்
5.9.2025

தம்பிக்கு,

கொஞ்சம் சிரித்தேன் என்பதை நீ எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எழுதினாய். அதனால் இந்தப் பதில்.

ஒன்று, பொம்பளைகள் கூடையில் கை வைக்கக் கூடாது. இரண்டு, மணல் மூட்டையும் துப்பாக்கியும் பாதையை விட்டுப் போகவேண்டும். இரும்பை ஓரமாகத் தள்ளி வை, வேண்டாமென்று சொல்லவில்லை. மூன்று, காலை ஆறு மணிக்கு நீ காக்கி இல்லாமல் வந்து சுப்புராயன் கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சும்மா உட்கார். நாங்கள் பேசினால் பேசு, பேசாவிட்டால் டீயைக் குடி. முதல் ஒரு வாரம் ஒருத்தரும் பேச மாட்டார்கள், சொல்லிவிட்டேன். அலெக்ஸாண்டர் மாமா எழுந்துகூடப் போவார். பொறுத்துக்கொள்.

நான் பெண்களிடம் பேசிப் பார்க்கிறேன். "உந்தம்பிக்கு வக்காலத்தா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லப்போகிறேன். ஒருத்தராவது சொல்லவேண்டுமே.

அக்கா

ராயபுரம்
13.9.2025

அன்புள்ள அக்கா,

இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார், அடுத்த ஒத்திகை வரைக்கும் மட்டும். "தோத்துட்டா வேலி வேலைக்கு மொத மூட்டை சிமென்ட்ட நீதான் தூக்கணும்" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதால் எனக்குப் பயம் ஜாஸ்தியானது.

திங்கட்கிழமை காலை வருகிறேன். மாமாவிடம் சொல்லிவை.

தம்பி

முகத்துவாரக்குப்பம்
9.10.2025

தம்பி,

நேற்று நடந்ததில் பாதிதான் நீ பார்த்தாய். நீ வந்து சேருவதற்கு முன்னால் நடந்தது எனக்கு மட்டும் தெரியும். மார்க்கெட்டுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்புறம் மறந்துபோகும்.

இந்த மூன்று வாரத்தில் நீ டீக்கடை பெஞ்சில் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தார்கள். முதல் வாரம் சுப்புராயனைத் தவிர ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போச்சு என்று ஒருத்தி வந்தாள். அது உன் வேலையே இல்லை, ஆனாலும் எழுதிக் கொடுத்தாய். அன்றைக்கு மாமா எழுந்து போகவில்லை. நான் கவனித்தேன்.

நேற்று காலை ஆறு மணி தாண்டியிருக்கும், நீ பெஞ்சில் உட்காருகிற நேரம். மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன் மீன் ஆய உட்காரப் போனேன். மணலில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை. இஞ்சின் ரிப்பேர், படகை அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருகிறோம் என்றார்கள். குட்டையன் என்னைப் பார்த்து, "யக்கா, ராத்திரியெல்லாம் கடல்ல கெடந்தோம், கொஞ்சம் கஞ்சி கெடைக்குமா?" என்றான்.

எனக்கு அங்கேயே இடித்தது. கடலில் கிடந்து வந்தவன் கஞ்சி கேட்க மாட்டான் தம்பி, தண்ணீர்தான் கேட்பான். உன் மாமா நெல்லூரில் கேட்டது தண்ணீர். ராமசுப்பு கேட்டதும் தண்ணீர். இவர்கள் உதடு காயவே இல்லை. இஞ்சினைப் பிரித்த கையில் எண்ணெய்க் கறை இல்லை. அப்போதுதான் புரிந்தது. இங்கே ஒரு பொம்பளை யார் என்ன என்று கேட்காமல் கஞ்சி ஊற்றுவாள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். என் கஞ்சியை வழியாகப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழையப் பார்க்கிறார்கள்.

ஒத்திகையா நிஜமா என்று எனக்கு எப்படித் தெரியும்? குட்டையன் தோளில் ஒரு பை தொங்கியது. போங்கடா என்று கத்தி விரட்டிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. விரட்டினால் வேறு பக்கமாக நுழைவார்கள். ஒருவேளை நிஜமாகவே கஷ்டப்பட்டு வந்தவர்களாக இருந்தால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது. "குந்துங்க நைனா, இதோ" என்றேன்.

காலையில் எங்கள் வீட்டில் எப்போதும் ஆறின கஞ்சிதான், உனக்கே தெரியும். நான் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்துத் தீயை ஏற்றினேன். உன் மாமா வலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அத்தப் போயி கொதிக்க வெச்சுகினு கீற?"

"சூடா துன்னட்டும்."

"நீ வந்து இருவத்தாறு வர்சத்துல எனுக்கு ஒரு நாளு சூடா குட்த்ததில்ல..."

"நீ நேத்து ராத்திரி கடல்ல கெடந்தியா? கம்முனு குந்து."

என் முகத்தைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த இஞ்சின், என்ன ரிப்பேர் என்று ஆரம்பித்தார். இஞ்சினைப் பற்றி ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார். பாவம், அந்த நெட்டையன் விழித்த விழி.

நான் அடுப்படிக்குப் பின்னால் திரும்பி நின்று உனக்குப் போன் போட்டேன். முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. "ரெண்டு பேரு வந்துகீறாங்க. கஞ்சி கேக்குறாங்க. தண்ணி கேக்கல" என்று மட்டும்தான் சொன்னேன். நீ மறு கேள்வி கேட்காமல் "வர்றேன்" என்றாய்.

கொதிக்கக் கொதிக்க இரண்டு கும்பாவில் ஊற்றி வைத்தேன். "ஆறட்டும் நைனா, நாக்கு வெந்துரும்." அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி தன் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. நான் யாரையும் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்த்தே வந்துவிட்டார்கள். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து, தினமும் செய்கிற மாதிரி மீன் ஆய்ந்தோம். ஒருத்தரும் அவர்களை முறைக்கவில்லை. ஊர்க்கதை பேசினோம். குட்டையன் கும்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், சூடு குறையவில்லை. எழுந்து போக வழியும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு அரிவாள்மனையும் ஒரு பொம்பளையும்.

அப்போது எனக்குப் பயம் போய்விட்டது தம்பி. துப்பாக்கிக்காரர்கள் நின்ற வாரங்களில் ஒரு நாள்கூடப் போகாத பயம். இத்தனை பேர் இருக்கிறோம், நீ வேறு வந்துகொண்டிருக்கிறாய் என்று நெஞ்சு லேசாகிவிட்டது.

மற்றது உனக்குத் தெரியும். சுப்புராயனின் பழைய டி.வி.எஸ்.ஸில், பின்னால் அவரையும் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். ஜீப் தூரத்திலேயே நின்றது. நீ ஓடி வரவில்லை, கத்தவில்லை. அவர்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "யக்கா, எனக்கும் ஒரு கும்பா" என்றாய். உன் இடுப்பில் துப்பாக்கி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

உன் மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், சூடான கஞ்சி தனக்கு எப்போது என்று.

அக்கா

ராயபுரம்
15.10.2025

அன்புள்ள அக்கா,

நேற்று ஒத்திகையைப் பற்றிய ஆய்வுக் கூட்டம் நடந்தது. அதே ஹால், அதே மேஜை, அதே பெரிய அதிகாரி. கடைசி வரிசையில் ராமசுப்பு உட்கார்ந்திருந்தான்.

நம் கரையைப் பற்றிய பக்கம் வந்தது. இருவரும் கரையேறி, தகவல் கிடைத்து, நாங்கள் வந்து சேர்ந்தது எல்லாம் பன்னிரண்டு நிமிஷம் என்று படித்தார். இந்தத் தடவை எல்லாக் கரையிலும் நம் கரைதான் முதல். கேமரா வைத்த இடத்தில் ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. "தகவல் கொடுத்தது யார்?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். "சிலுவையம்மாள், சார். மீன் வியாபாரம். முகத்துவாரக்குப்பம். எங்க அக்கா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "போன தடவை கஞ்சி ஊத்தினாங்களே, அவங்களா?" என்றார்.

"அவங்களேதான் சார். போன தடவையும் அதே அக்காதான். அன்னிக்கு நான் சொல்லாம விட்டுட்டேன்."

"இந்தத் தடவையும் கஞ்சி கொடுத்தாங்களா?" என்றார். "கொடுத்தாங்க சார். பிடிச்சதுக்கு அப்புறமும் அந்த ரெண்டு பேரும் குடிச்சு முடிச்சுட்டுத்தான் ஜீப்ல ஏறினாங்க" என்றேன். மறுபடியும் சிரிப்பு வந்தது. ஆனால் இது வேறு சிரிப்பு அக்கா. கடைசி வரிசையில் ராமசுப்பு கைதட்டிவிட்டான். அவனுக்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

உன்னை ஏமாற்றக் கூடாது, அதனால் இதையும் எழுதுகிறேன். வேலித் திட்டத்தை ரத்து செய்யவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிஜமாக வருகிறவன் கஞ்சி ஆறும்வரை உட்கார்ந்திருப்பானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியாது என்றுதான் சொன்னேன். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இனிமேலும் இருக்கும். ரோந்து போவேன், துப்பாக்கியும் எடுத்துப் போவேன். ஆனால் அவனை முதலில் பார்க்கப்போவது நான் இல்லை. உங்களில் யாரோ ஒருத்தர்தான். அவர் என்னைக் கூப்பிடுவார் என்பது இப்போது எனக்குத் தெரியும். நேற்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். ஜூலைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

இன்றைக்குக் கரைப் பக்கம் போனேன். ஓரமாகத் தள்ளி வைத்த தடுப்பின் மேல் மாமா வலையைக் காயப் போட்டிருந்தார். அரசாங்கச் சொத்து என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், எடுக்கணுமா?" என்றார். மூன்று மாதத்துக்கு அப்புறம் மச்சான் என்று கூப்பிட்டார். காயட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரில் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜானட்டோடு வீட்டுக்கு வரலாமா? பெஞ்சுக்கு இல்லை, வீட்டுக்கு.

உன் தம்பி,
இக்னேஷியஸ்

†

முகத்துவாரக்குப்பம்
17.10.2025

என் தம்பிக்கு,

வா. ஜானட்டையும் கூட்டிக்கொண்டு வா. கார்டு வேண்டாம். மன்னிப்பு கேட்கிற வேலையெல்லாம் வாசலில் வேண்டாம்.

முதலில் சாப்பிடு. நீ யார் என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா